நம்ம குக்கரா, பக்கத்து வீட்டுக் குக்கரா?

எங்கள் சமையலறைச் சுவரும் பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரும் ஒன்றுதான். உறையூரில் அந்தக் காலத்து வரிசை வீடுகள் அப்படித்தான், அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே தும்மல் வரும். அம்மா கூடத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். குக்கர் விசில் அடிக்கும். கை அப்படியே நிற்கும். அப்புறம் யாரைப் பார்த்தும் இல்லாமல், பொதுவாக வீட்டைப் பார்த்து ஒரு கேள்வி வரும்: "இது நம்மளுதா, பக்கத்து வீட்டுதா?" பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவளாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். அந்த முடிவு தப்பாகப் போன நாட்களில் துவரம்பருப்பு பல்லில் நறுக்கென்று கடிபடும், பக்கத்து வீட்டு விசில் இரண்டை நம் கணக்கில் சேர்த்திருப்பாள். முப்பது வருடமாக இது எங்கள் வீட்டு நகைச்சுவை. "இன்னிக்கு சாம்பார் பக்கத்து வீட்டு விசில்ல வெந்தது" என்பார் அப்பா.

மாடியிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டால் வாசலுக்குப் போவாள். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைப்பக்கம் போவாள். போகிற போக்கில் "எங்கடா இருக்கே?" என்று கேட்பாள், நான் "இங்கதான்" என்பேன். இதைவிட உதவாத பதில் ஒன்று இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அப்போது எரிச்சல்தான் வரும். "இங்கதான்னு சொல்றேன்ல" என்று இன்னும் சத்தமாகக் கத்துவேன், அவள் இன்னும் வேகமாக வேறு அறைக்குள் போய் எட்டிப் பார்ப்பாள்.

அம்மாவுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. வழக்கம்போல கழுத்தில் போட்டுவிட ஒரு தங்கச் சங்கிலியை யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறார்கள். வீக்கம் வடிந்தது, சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, காது போனது மட்டும் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இடப்பக்கம் உட்கார்ந்த பெண் கிசுகிசுத்த விடைகள் எதுவும் இவள் காதில் விழாமல் போய், அந்தப் பெண் கோபித்துக்கொண்ட பிறகுதான் வெளியே வந்ததாம். ஆனால் வலது காது பாம்புச் செவி. அடுத்த அறையில் நாங்கள் தணிந்த குரலில் பேசுகிற பணக் கணக்கெல்லாம் அச்சுப் பிசகாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதனாலேயே குடும்பத்தில் அவளைப் பற்றி ஒரு தீர்ப்பு உண்டு: கேட்க வேண்டியதெல்லாம் கேட்கிறது, கூப்பிட்டால் மட்டும் கேட்கவில்லை.

நான் அந்த அளவுக்குப் போனதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். என் எண்ணம் வேறு. இரண்டு காது என்பது சிறுநீரகம் மாதிரி, ஒன்று போனால் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஒரு காது இல்லையென்றால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே. மற்றதெல்லாம் அவளுடைய கவனக்குறைவு. நாற்பத்து மூன்று வயது வரை இந்த எண்ணத்தில் எனக்குப் பெரிய சங்கடம் எதுவும் இல்லை.

பத்து நாள்

ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றியபோது வலது காதுக்குள் ஏதோ கதவைச் சாத்திக்கொண்டது. துண்டு நுனி, ஒற்றைக்காலில் குதிப்பது, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, குறும்பி ஊறிப்போய் அடைத்திருக்கிறது, இப்போது நோண்டினால் வலிக்கும், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஐந்து நாள் கழித்து வாருங்கள் என்றார். நடுவில் தீபாவளி வந்து, அவரும் ஊருக்குப் போய், ஐந்து பத்தாகிவிட்டது.

முதல் நாள் ஏதோ தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி இருந்தது. அது பரவாயில்லை. இரண்டாம் நாள் கவனித்தது வேறு: எல்லாச் சத்தமும் இடப்பக்கத்திலிருந்து வந்தது. தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி இடப்பக்கம் சுற்றியது. எதிரே உட்கார்ந்து பேசுகிற மனைவியின் குரல் இடப்பக்கச் சுவரிலிருந்து வந்தது, வாய் மட்டும் எதிரே அசைந்தது. கைபேசி மணி அடித்தால் வீட்டில் எங்கோ அடித்தது என்பதற்கு மேல் எனக்குத் தகவல் இல்லை. தலையணைக்கு அடியில், அலமாரியில், குளியலறையில் தேடுவேன், கடைசியில் சட்டைப் பையில் இருக்கும்.

நான்காம் நாள் சாலை ரோட்டில் தெருவைக் கடக்கும்போது பின்னாலிருந்து ஒரு ஹாரன். இடப்பக்கம் வண்டி வருகிறது என்று என் உடம்பு முடிவு செய்தது, நான் யோசித்து முடிவு செய்ததில்லை, கால்கள் தாமாக வலப்பக்கம் நகர்ந்தன. வண்டி வலப்பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. கைப்பிடி என் துணிப்பையை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது, சாராம்சம்: காது கேட்காதா உனக்கு? கேட்டதே ஐயா. நன்றாகக் கேட்டது. அதனால்தானே உங்கள் வண்டிக்குக் குறுக்கே வந்தேன்.

ஒரு கடை ஓரமாகப் போய் நின்றேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அறுபது வருடத்துக்கு மேலாக அம்மா தெருவைக் கடப்பது இப்படித்தானா என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. நடக்கும்போது அவள் எப்போதும் நம்மைத் தன் வலப்பக்கத்தில்தான் வைத்துக்கொள்வாள், நாம் இடப்பக்கம் மாறினால் அவளும் சுற்றி மாறிக்கொள்வாள். சின்ன வயதில் அது ஏதோ சகுனம் என்று நினைத்திருந்தேன்.

திசை சத்தத்தில் இல்லை

அன்று ராத்திரியிலிருந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க என் சிறுநீரகக் கொள்கை கரைந்துகொண்டே வந்தது.

கண்ணுக்கு இடம் சும்மா கிடைக்கிறது. இடப்பக்கத்துப் பொருள் விழித்திரையில் ஓர் இடத்தில் விழும், வலப்பக்கத்துப் பொருள் இன்னோர் இடத்தில் விழும். காதுக்குள் அப்படி எதுவும் கிடையாது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் குழாயில் இடம் இருக்கிறது, ஆனால் அது கீச்சுச் சத்தத்துக்கு ஓரிடம், கனத்த சத்தத்துக்கு ஓரிடம் என்று சுருதியைப் பிரித்து வைக்கிற இடம். சத்தம் வாசலிலிருந்து வந்ததா கொல்லையிலிருந்து வந்ததா என்பது அங்கே எங்கும் எழுதப்படவில்லை. அதை மூளை கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அந்தக் கணக்குக்கு இரண்டு காதும் வேண்டும்.

இதை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ரேலி பிரபு. வானம் ஏன் நீலம் என்று விளக்கியவர், ஆர்கான் வாயுவுக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். (கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று இவர் சொன்னதை மறுத்துத்தான் எங்கள் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் தன் பெரிய ஆராய்ச்சிக்குள் நுழைந்தார். திருச்சிக்காரன் ரேலியைப் பற்றி எழுதினால் இதைச் சொல்லாமல் விட முடியாது.) 1876-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் டெர்லிங் என்ற ஊரில், தன் வீட்டுப் புல்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார் ரேலி. சுற்றிலும் ஆட்களை நிறுத்திப் பேசச் சொன்னார். ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது, யார் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்று அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. அப்புறம் பேச்சுக்குப் பதிலாக இசைக்கவைகளை ஒலிக்கச் செய்தார், ஒற்றைச் சுருதி மட்டும் வரும் தூய ஒலி. இடமா வலமா என்பது தெரிந்தது. முன்னாலா பின்னாலா என்பது தெரியவில்லை.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் பாதிக் கதை இருக்கிறது. வலப்பக்கம் கைதட்டினால் வலது காதுக்கு முதலில் கேட்கும், தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது, நம் தலை என்ன அகலம் இருந்துவிடப் போகிறது? மிக அதிகமாகப் போனால் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் மூன்றில் இரண்டு பங்குதான், சுமார் 650 மைக்ரோநொடி. அது காதுக்கு நேர் பக்கத்தில் கைதட்டும்போது. மூக்குக்கு நேராக இருப்பவர் ஒரு டிகிரி நகர்ந்தால் வரும் வித்தியாசம் சுமார் 10 மைக்ரோநொடி. அதையும் நாம் உணர்கிறோம். இலக்கண வகுப்பில் மாத்திரைக்கு அளவு என்ன என்று கேட்டால் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று ஒப்பிப்போம், காலத்தில் அதைவிடச் சின்னது நமக்கு எட்டாது என்கிற மாதிரி. அந்தக் கண்ணிமைப்பைப் பத்தாயிரம் கூறாகப் போட்டால் ஒரு கூறு இது. இதை வைத்துத்தான் நாம் "யாரது, கதவுப்பக்கம்?" என்று திரும்புகிறோம்.

ரேலிக்கே இதை நம்ப முப்பது வருடம் ஆனது. தலை ஒரு தடுப்பு மாதிரி நின்று தூரத்துக் காதுக்குச் சத்தத்தைக் குறைக்கிறது, திசை தெரிவது அந்த ஏற்றத்தாழ்வால்தான் என்று முதலில் நினைத்தார். கீச்சுச் சத்தத்துக்கு அது சரி. கனத்த சத்தத்துக்கு எடுபடாது. தவில் ஒலியின் அடிப்பகுதி அலைகள் மீட்டர் கணக்கில் நீளமானவை, ஆற்றில் நட்ட குச்சியை அலை சுற்றிக்கொண்டு போவது மாதிரி தலையைச் சுற்றிப் போய்விடும், இரண்டு காதிலும் ஏறத்தாழ ஒரே சத்தம்தான். ஆனாலும் திசை தெரிகிறதே? 1907-இல் அவரே, தாழ்ந்த ஒலிகளில் இரண்டு காதுகளுக்கும் அலை வந்து சேர்கிற நேர வித்தியாசத்தைத்தான் உணர்கிறோம் என்று ஒத்துக்கொண்டு எழுதினார். தாழ்ந்த ஒலிக்கு நேரம், உயர்ந்த ஒலிக்குத் தலை நிழல். இரண்டுக்கும் எல்லை ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,500 அதிர்வு.

இவ்வளவு நுட்பமான நேரத்தை ஈர நரம்பு எப்படி அளக்கும்? 1948-இல் லாயிட் ஜெஃப்ரஸ் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தெருவின் இரண்டு கோடியிலிருந்தும் ஒவ்வொரு ஆள் ஒரே வேகத்தில் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கையிலும் கடிகாரம் கிடையாது. ஆனால் எந்த வீட்டு வாசலில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் யார் எவ்வளவு முன்னால் கிளம்பினார் என்று சொல்லிவிடலாம். இரண்டு காதிலிருந்தும் வரும் நரம்புத் துடிப்புகள் இப்படி எதிரெதிரே நடக்கின்றன, நடுவில் வரிசையாக நிற்கும் நரம்பணுக்களில் எதன் வாசலில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றனவோ அது துடிக்கும். காலம் இடமாக மாறிவிடுகிறது. ஆந்தை வகையான கூகையின் மூளையில் இப்படி ஓர் அமைப்பு உண்மையிலேயே இருப்பதை 1980-களின் கடைசியில் கேத்தரின் கார், மார்க் கோனிஷி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நம்மைப் போன்ற பாலூட்டிகளிலும் இதே தெருதானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

எனக்கு உறைத்தது இதுதான்: எந்த வழியானாலும் இது ஒப்பிடுகிற வேலை. தராசு வேலை. ஒரு தட்டு போனால் பாதி எடை நிறுக்கலாம் என்பது கிடையாது. எனக்குக் குறும்பியால் ஒரு தட்டு தூக்கிக்கொண்டு நின்றது, அதனால் உலகம் இடப்பக்கம் சாய்ந்தது. அம்மாவிடம் இன்னொரு தட்டே இல்லை. அவளிடம் போய் "இங்கதான்" என்று கத்தியிருக்கிறேன்.

கல்யாண மண்டபமும் இதில்தான் வருகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொள்ள, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பெரிய உதவி. 1953-இல் கோலின் செர்ரி இதை ஆராய்ந்தபோது காக்டெய்ல் பார்ட்டிப் பிரச்சினை என்று பெயர் வைத்தார். நமக்கென்று வைத்திருந்தால் மண்டபப் பிரச்சினை என்று வைத்திருப்போம், கூடவே நாதஸ்வரமும் இருக்கும். அம்மா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில், இடப்பக்கம் சுவர் வருகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். யாராவது வந்து பேசினால் சிரிப்பாள், தலையாட்டுவாள். கர்வம் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு.

சுவர்க்கோழி

எட்டாம் நாள் ராத்திரி. பத்து மணிக்கு மேல் கூடத்தில் ஒரு சுவர்க்கோழி ஆரம்பித்தது. ஒற்றைக் காதோடு படுத்திருக்கிறவனுக்கு அது காதுக்குள்ளேயே கத்துகிற மாதிரி. ஒரு மணிக்கு எழுந்து போய் விளக்கைப் போட்டேன், நிறுத்திவிட்டது. அணைத்தேன், ஆரம்பித்தது. இருட்டிலேயே தேடுவது என்று முடிவெடுத்து, செல்போன் வெளிச்சத்தைத் தரையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சோபாவுக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில், சாமி அலமாரிக்குக் கீழே என்று தவழ்ந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் கத்தியது, எங்கேயும் இல்லை.

உண்மையில் சுவர்க்கோழி இரண்டு காது உள்ளவர்களையும் ஏமாற்றும். அது இறக்கைகளை உரசி எழுப்புவது கிட்டத்தட்ட ஒற்றைச் சுருதி, 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த இடத்தில் அலையின் நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், தலையைவிடச் சின்னது, எந்த அலை எந்த அலைக்கு ஜோடி என்று காதுகளுக்குக் குழம்பிவிடும், ஆக நேரக் கணக்கு கைகொடுக்காது. அறைக்குள் என்றால் தலை நிழலையும் சுவர்கள் கெடுத்துவிடுகின்றன, எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து ஓரிடத்தில் சத்தம் ஓங்கி, ஒரு சாண் தள்ளி அடங்கிக் கிடக்கும். 1930-களில் ஹார்வர்டில் ஸ்டீவன்ஸும் நியூமனும் எதிரொலி வேண்டாம் என்று ஆட்களை மொட்டைமாடியில் உயரமான நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். அங்கேயே ஒற்றைச் சுருதி என்றால், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதிகம் தடுமாறினார்கள். குக்கர் விசில் இதற்கு நேர் எதிர். புஸ்ஸென்று ஆவியோடு வரும் அந்தச் சத்தத்தில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கிறது, அதனால்தான் எங்களுக்கெல்லாம் அது யார் வீட்டுக் குக்கர் என்பதில் சந்தேகமே வந்ததில்லை.

இதெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அப்போது கூடத்தின் நடுவில் கையில் செல்போனோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா பாத்ரூம் போக எழுந்து வந்தாள். அவள் நல்ல காதைத் தலையணையில் புதைத்துத் தூங்குகிறவள், தெருவில் சரவெடி வெடித்தாலும் புரளமாட்டாள், சுவர்க்கோழியெல்லாம் அவளுக்குச் செய்தியே இல்லை.

"என்னடா, திருடன் மாதிரி நிக்கிறே?"

"சுவர்க்கோழிம்மா. இங்கதான் எங்கேயோ இருக்கு. காது அடைச்சிருக்குல்ல, இடமே தெரியல."

கொஞ்ச நேரம் கேட்டாள். "எனக்கும்தான் தெரியல" என்று சிரித்தாள். அப்புறம், "நீ ஏன் நட்டுவெச்ச மாதிரி நிக்கிறே? நின்னா எப்படித் தெரியும்? தலையைத் திருப்பு."

"திருப்பிப் பார்த்துட்டேன்மா."

"எங்கே ஜாஸ்தியா கேக்குதுன்னு பார்த்திருப்பே. அது எல்லாப் பக்கமும் ஜாஸ்தியாத்தான் கேக்கும். எந்தப் பக்கம் திருப்பினா அமுங்குதுன்னு பாரு. மெதுவா. அது நிறுத்தினா நீயும் நிறுத்து."

செய்து காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, தேர் நிலையிலிருந்து திரும்புகிற மாதிரி அத்தனை நிதானமாகத் தலையைத் திருப்பினாள். ஓரிடத்தில் நின்றாள். கொஞ்சம் திரும்பி வந்தாள், மறுபடி அங்கேயே நின்றாள். இரண்டடி நகர்ந்து அதையே திரும்பச் செய்தாள். சுவர்க்கோழி நடுவில் நிறுத்தியபோது காலைத் தூக்கிய நிலையிலேயே நின்றாள், அறுபத்தெட்டு வயதில், ராத்திரி ஒன்றரை மணிக்கு. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பழைய தையல் மெஷினைக் காட்டினாள். மிதிப் பலகைக்கு அடியில், துணிப் பிசிறுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. விளக்குமாற்றால் நோகாமல் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நல்ல காதைச் சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனால் தலையே மறைத்துக்கொள்ளும். ஓங்கிக் கேட்கும் இடம் பரந்து விரிந்தது, அமுங்கும் இடம் குறுகலானது, தேடுகிறவனுக்குக் குறுகலானதுதான் உபயோகம். சின்ன வயதில் இலங்கை வானொலி பிடிக்க டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தவர்களுக்கு இது கையிலேயே தெரிந்திருக்கும், எங்கே வைத்தாலும் ஏதோ கேட்கும், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் நிலையம் செத்துப்போகும். எனக்கு இதை எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை, அவளுக்கும்தான்.

"எப்போலேர்ந்து இப்படிச் செய்யறே?" என்றேன்.

"சின்னப் பிள்ளையிலேர்ந்துதான். ஆனா வெளியில செய்யமாட்டேன். உங்க ஆச்சி திட்டும். கோழி மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு நிக்காதே, பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு."

இரண்டு காது உள்ளவர்களும் தலையைத் திருப்பித்தான் முன்னா பின்னா என்ற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பதை ஹான்ஸ் வாலக் 1940-இல் எழுதிவைத்தார். நாம் செய்வது தெரியாத அளவுக்குக் கொஞ்சமாகச் செய்கிறோம், அவள் தெரிகிற அளவுக்குச் செய்ய வேண்டியிருந்தது. அதையும் செய்யாதே என்று பழக்கியிருக்கிறார்கள்.

படுக்கப் போன பிறகு இன்னொன்றும் விளங்கியது. அவளுடைய வித்தைக்கு நேரம் வேண்டும். சுவர்க்கோழி விடிய விடியக் கத்தும், தலையைத் திருப்பிக் கண்டுபிடித்துவிடலாம். "அம்மா" என்று ஒருவன் கூப்பிடுவது அரை நொடி. தலை திரும்ப ஆரம்பிப்பதற்குள் சத்தம் முடிந்துவிடும். விசிலும் அப்படித்தான். அதனால்தான் "எங்கடா இருக்கே?" என்று திரும்பக் கேட்டிருக்கிறாள், நான் இன்னும் நாலு வார்த்தை பேசுவேன், பேசி முடிப்பதற்குள் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று. நானோ ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தேன்.

கூகைக்குஞ்சு

மீதி இரண்டு நாளில் எனக்கு அந்த வித்தை கைவந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இதில் வயதுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கூகை கும்மிருட்டில் வெறும் சத்தத்தை வைத்தே எலியைப் பிடிக்கும், அதன் காதுகளில் ஒன்று சற்று மேலேயும் ஒன்று சற்றுக் கீழேயும் இருப்பதால் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். எரிக் நூட்சென் 1980-களில் கூகைகளின் ஒரு காதை அடைத்துப் பார்த்தார். முதலில் எல்லாமே குறி தவறின. குஞ்சுகள் சில வாரங்களில் புதுக் கணக்குக்குப் பழகிக்கொண்டு சரியாகத் திரும்ப ஆரம்பித்தன. வளர்ந்த பறவைகள் அப்படித் திருத்திக்கொள்ளவில்லை.

மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. நெதர்லாந்தில் நைமேகனில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் நாலு பேரின் காது மடல்களுக்குள் அச்சு வைத்து மடிப்புகளின் வடிவத்தையே மாற்றினார்கள். சத்தம் மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்பதை அந்த மடிப்புகள்தான் சொல்கின்றன, ஒவ்வொரு கோணத்திலிருந்து வரும் ஒலியிலும் வேறு வேறு சுருதிகளை அமுக்கி ஒரு முத்திரை போடுகின்றன. அச்சு வைத்ததும் மேல் கீழ் தெரியாமல் போனது, இட வலம் பெரிதாகக் கெடவில்லை. சில வாரங்களில் புதுக் காதுகளுக்குப் பழகிவிட்டார்கள். அச்சை எடுத்தபோது பழைய காதும் அப்படியே வேலை செய்தது, இங்கிலீஷ் கற்றுக்கொண்டதால் தமிழ் மறந்துபோகாததைப் போல. பிறவியிலேயே ஒரு காது கேட்காதவர்களில் சிலர், புதிதாக ஒரு காதை அடைத்துக்கொண்டவர்களைவிட நன்றாகத் திசை சொல்வதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மிச்சமிருக்கும் ஒற்றை மடலின் முத்திரையை வைத்தே ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள் போல. அம்மா ஆறு வயதுக் கூகைக்குஞ்சாக அந்தப் பாடத்தைத் தொடங்கியவள், நான் எட்டு நாள் மாணவன்.

பத்தாம் நாள் டாக்டர் ஒரு சின்னக் கருவியால் உறிஞ்சி எடுத்தார். அதைப் பற்றி விவரம் வேண்டாம், ஆனால் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. எடுத்த அந்த நொடியில் சத்தம் கூடியது என்பதைவிட, சத்தங்கள் எழுந்து போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தன என்று சொல்ல வேண்டும். மின்விசிறி கூரைக்குப் போனது. வெளியே டோக்கன் கூப்பிடுகிற பெண்ணின் குரல் கதவுக்கு வலப்பக்கம் போய் நின்றது. தெருவில் ஒரு ஆட்டோ இடமிருந்து வலமாக, முழு நீளத்துக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. டாக்டர் "இப்ப கேக்குதா?" என்றார். கேட்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது எப்படிடா இருக்கும்?" என்றாள். ஆறு வயதுக்கு முன்னால் அவளுக்கும் இருந்திருக்கும், நினைவில் இல்லையாம். ஆட்டோ கோடு இழுத்ததைச் சொன்னேன். கோடுன்னா, என்றாள். வெற்றிலைப் பாக்கு மாதிரி ஒவ்வொரு சத்தமும் தட்டில் தனித்தனி இடத்தில் இருக்கும் என்றேன், அதுவும் சரியாக வரவில்லை. கண்ணை மூடினாலும் அறை இருக்கும் என்றேன். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். நானும் மூடிக்கொண்டேன்.

விசில் அடித்தது.

"எத்தனை ஆச்சு?" என்றாள்.

"மூணு."

"நம்மளுதா?"

"இது பக்கத்து வீட்டுதும்மா. நம்மளுது ரெண்டுதான் ஆயிருக்கு. நான் கூடத்துல, உனக்கு இடப்பக்கம், ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கேன். அடுத்தது வந்தா சொல்றேன்."

"ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்" என்று கண்ணைத் திறந்தாள்.